எட்டுப் பேருக்கும் ஒரே அட்டை போதுமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மே மாதம் அமெரிக்காவில் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அவன் ஆர்லாண்டோ பக்கம் இருக்கிறான், டிஸ்னி வேர்ல்டைக் காட்டாமல் விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நாங்கள் மொத்தம் எட்டுப் பேர். அம்மாவுக்கு வயது 71, முட்டுத் தேய்மானம், தெருமுனைக் கடைக்குப் போய்வரவே நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டும். என் மகனுக்கு 11, ஆட்டிசம் உண்டு, வரிசையில் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்கமாட்டான். நாத்தனார் மகளுக்கு 14, டைப் 1 சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். என் கணவரின் அண்ணனுக்குக் காது கேட்காது. தம்பி மகன் நாலு வயதுப் பொடியன், பெரிய ரைடு எதற்கும் உயரம் தேறாது. மீதி நானும் கணவரும் தம்பியும் (தம்பி மனைவிக்கு மருத்துவமனையில் டியூட்டி, அவள் வரவில்லை). மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பாஸ் இருக்கிறதாம், அதை எடுத்துவிட்டால் எட்டுப் பேரும் வரிசையில் நிற்காமல் நேரே முன்னால் போகலாம் என்கிறான் தம்பி. உண்மையா? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் வாங்கிய மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் செல்லுமா, வேறு வாங்கவேண்டுமா?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: தம்பி பாதிதான் சரியாகச் சொல்லியிருக்கிறார். டி.ஏ.எஸ். (டிஸேபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்) என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, 2013 அக்டோபரில் வந்தது. ஆனால் அது முன்னால் போவதற்கான பாஸ் இல்லை. ஒரு ரைடுக்கு இப்போது ஒரு மணி நேரம் வரிசை என்றால், உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்லி நேரம் குறித்துத் தருவார்கள், அதுவரை நிழலில் உட்காரலாம், ஐஸ்கிரீம் தின்னலாம், கழிப்பறைக்குப் போகலாம், பையன் ஓட இடம் இருந்தால் ஓடவிடலாம். காத்திருக்கும் நேரம் குறைவதில்லை, காத்திருக்கும் இடம்தான் மாறுகிறது. ஒரு நேரம் கையில் இருக்கும்போது அடுத்த ரைடுக்கு இன்னொன்று வாங்கவும் முடியாது.

எட்டுப் பேருக்கும் கிடைக்குமா என்றால், கிடைக்காது. 2024 மே மாதத்தில் அங்கே விதியை இறுக்கிவிட்டார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் சாதாரண வரிசையில் நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் அதற்குப் பொருந்த வாய்ப்புள்ளவன் உங்கள் மகன் ஒருவன்தான். அவனோடு சேர்த்துப் பொதுவாக மொத்தம் நாலு பேரைப் பதியலாம், பெற்றோர் உடன்பிறந்தோர் என்று நெருங்கிய குடும்பமே அதைவிடப் பெரிதாக இருந்தால் தளர்த்துவார்கள். அவன் அந்த ரைடில் ஏறினால்தான் மற்றவர்களும் அவன் கணக்கில் ஏறலாம். பையனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அவன் பேரில் பெரியவர்கள் போய்வருவது நடக்காது. அம்மாவுக்கும் ஏதாவது சொல்லி வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், சொன்னது பொய் என்று தெரிந்தால் நிரந்தரமாக உள்ளே விடமாட்டோம் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

சான்றிதழ் விஷயம் நம் ஆட்களுக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும். ஃபுளோரிடா டிஸ்னியில் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை. நாம் பிறந்ததிலிருந்து முத்திரை குத்தின காகிதத்தோடு வளர்ந்தவர்கள், ஃபைலைத் தூக்கிக் காட்டத்தான் கை போகும். அங்கே வீடியோ அழைப்பில் ஒருவர் பேசுவார், கேட்பது நோயின் பெயரை இல்லை, வரிசையில் நின்றால் என்ன நடக்கும் என்பதை. நான் என் மகனுக்காகப் பேசியபோது முதலில் 'அவனுக்கு ஆட்டிசம், மிதமான அளவு, ஐந்து வயதில் கண்டுபிடித்தோம்' என்று டாக்டரிடம் சொல்கிற மாதிரியே ஆரம்பித்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, நாற்பது நிமிஷம் வரிசையில் நிற்கவைத்தால் என்ன செய்வான் என்றார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. முதலில் சட்டைக் காலரைக் கடிப்பான், அப்புறம் முன்னால் நிற்பவரின் பையைத் தொட ஆரம்பிப்பான், யாராவது திரும்பிப் பார்த்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான், அதற்குப் பிறகு அவனைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஒரு தடவை கம்பிக்கு அடியில் புகுந்து ஓடியே விட்டான் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டது அதைத்தான். நீங்களும் இப்போதே உட்கார்ந்து மகன் செய்வதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வராது. போகிற நாளுக்கு முன்கூட்டியே பேசலாம். பேசும்போது மகன் பக்கத்தில் இருக்கவேண்டும். அங்கே காலை பத்து என்றால் நமக்கு இரவு ஏழரை. தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு செய்தாலும் ஆகும், ஆனால் நானாக இருந்தால் அவ்வளவு தூரம் தள்ளிப்போடமாட்டேன்.

கிடைக்காமலும் போகலாம், அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். அப்படி ஆனால் வரிசையிலிருந்து வெளியே வந்து, திரும்பிப் போய் நம் ஆட்களோடு சேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைக் கேளுங்கள், ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் உள்ளே போவதற்கு முன்பே சொல்லவேண்டும். காசு கொடுத்து வாங்குகிற லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசை தனியாக இருக்கிறது, அது யாரும் வாங்கலாம், விலை நாளுக்கு நாள் மாறும்.

இப்போது அம்மாவுக்கு வருவோம். முட்டுவலிக்கு டி.ஏ.எஸ். கிடையாது, அங்கே அதற்கு வழி சக்கர நாற்காலி. உள்ளேயே வாடகைக்குக் கிடைக்கும். பெரும்பாலான வரிசைகள் நாற்காலி போகிற அகலத்தில்தான் கட்டியிருக்கிறார்கள், பழைய ரைடுகள் சிலவற்றுக்கு வேறு வாசல் உண்டு. கவனிக்கவேண்டியது ரைடின் இருக்கைக்கு மாறுவது, ஏனென்றால் அங்குள்ள ஊழியர்கள் யாரையும் தூக்கிவிடமாட்டார்கள், அவர்களுக்கு அனுமதி இல்லை. அம்மாவால் நாலு அடி வைத்து, கைபிடித்து இறங்கி உட்கார முடிந்தால் நிறைய ரைடு திறந்துவிடும். முடியாது என்றாலும் நாற்காலியோடே ஏற்றுகிறவை உண்டு, படகில் போகிற 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு', அனிமல் கிங்டம் பூங்காவில் லாரி மாதிரி வண்டியில் விலங்கு பார்க்கப் போகிற கிளிமஞ்சாரோ சஃபாரி. நம் அம்மாக்களுக்கு இரண்டாவது மிகவும் பிடிக்கும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் முதல் தடவை ஒரு பூங்காவுக்குப் போனபோது (எது என்று சொல்லப்போவதில்லை, தப்பு எங்களுடையதுதான்) என் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தோமா, பத்து நிமிஷத்தில் அவர் மடியில் நாலு பை, நாற்காலிப் பிடியில் இரண்டு தண்ணீர் பாட்டில், கழுத்தில் யாரோ ஒருவரின் கேமரா. எல்லோரும் ரைடுக்கு ஓடிவிட்டார்கள். திரும்பி வந்தால் அம்மா வெயிலில் அதே இடத்தில், தொப்பிகூட இல்லாமல், மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏம்மா நிழலுக்குத் தள்ளிப்போகவில்லை என்று கேட்டதற்கு, 'எப்பிடி மக்ளே போவேன், பிரேக்கு எது, சக்கரம் எதுன்னு எனக்குத் தெரியுமா' என்றார். நாங்கள் ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று மாலையில்தான் முதல் தடவையாக, உங்களுக்கு எது பார்க்கவேண்டும் என்று அவரைக் கேட்டோம், 'எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க' என்றார், அது பதிலே இல்லை, எல்லா அம்மாவும் சொல்வதுதான். இரண்டாம் முறை கேட்டபோது வாணவேடிக்கை என்றார். நாங்களோ அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவதாகத் திட்டம் போட்டிருந்தோம்.

அதனால்தான் சொல்கிறேன், எட்டுப் பேரையும் ஒரே கட்டாக இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய கஷ்டம், சுசீந்திரம் தேருக்குப் போனாலும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டேதான் போவோம். ஆனால் அம்மாவுக்கு வேண்டியது உட்காருவது, மகனுக்கு வேண்டியது நகர்ந்துகொண்டே இருப்பது, நாத்தனார் மகளுக்கு வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடு. ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குத் தொந்தரவு. மகனுக்காக அமைதியான மூலையைத் தேடிப்போனால் அம்மாவுக்கு அது அரைக் கிலோமீட்டர் தள்ளு, அம்மாவுக்காக ஏசி அரங்கில் ஒரு ஷோ பார்க்க உட்கார்ந்தால் மகனுக்கு அந்தச் சத்தம் ஆகாது. மூன்றாகப் பிரியுங்கள். நீங்களும் கணவரும் மகனோடு, டி.ஏ.எஸ். கிடைத்தால் உங்கள் மூவருடன் நாத்தனார் மகளையும் சேர்த்தால் நாலு சரியாகிவிடும். அம்மாவும் கணவரின் அண்ணனும் ஒரு ஜோடி, அவருக்குக் காது கேட்காவிட்டாலும் நாற்காலி தள்ளக் கை இருக்கிறதே, அவரை யாரோ பார்த்துக்கொள்ளவேண்டிய ஆள் என்ற கணக்கில் ஏன் வைத்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. தம்பியும் அவர் மகனும் தனி. மதியச் சாப்பாட்டுக்கு ஓர் இடம், ராத்திரி வாணவேடிக்கைக்கு ஓர் இடம், இரண்டிலும் எல்லோரும் சேருங்கள். பையைக் காசு கொடுத்து லாக்கரில் வையுங்கள், அம்மா மடியில் வைக்காதீர்கள்.

பொடியன் விஷயம் சுலபம். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 97. வீட்டுச் சுவரிலேயே அளந்து பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள், வாசல் வரை போய் அழவைக்கவேண்டாம். ரைடர் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு, ஒரு பெரியவர் வெளியே குழந்தையோடு இருக்க மற்றவர்கள் போய்வருவார்கள், அவர்கள் வந்ததும் வெளியே நின்றவர் மறுபடி முழு வரிசை நிற்காமல் ஏறலாம். இதற்கு எந்தக் குறைபாடும் காட்டவேண்டாம்.

சர்க்கரைப் பிள்ளைக்கு: இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் வைக்கவேண்டும், சரக்கில் போட்டால் உறைந்து கெட்டுவிடும். ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி மையம் இருக்கிறது, இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தருவார்கள். மே மாதத்தில் ஃபுளோரிடா வெயில் நம் நாகர்கோவில் வெயிலை விடக் கொஞ்சமும் இளைத்ததில்லை, பையில் போட்டுச் சுமக்காதீர்கள். வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. ஏத்தங்காய் சிப்ஸை நம்பிப் போகாதீர்கள், சர்க்கரை இறங்கினால் சட்டென்று ஏற்ற குளுக்கோஸ் வேண்டும், அது அவள் பாக்கெட்டில் இருக்கவேண்டும், உங்கள் பாக்கெட்டில் இல்லை.

கணவரின் அண்ணனுக்கு, ஷோவில் பேசுவதை எழுத்தாகக் காட்டுகிற கைக்கருவி தருவார்கள், முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். அவருக்கு ஆங்கிலம் படிக்க வருமா என்று பாருங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் இருப்பார் என்று படித்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், அது அமெரிக்கச் சைகைமொழி, நம் இந்தியச் சைகைமொழி வேறு.

அதே ஊரில் யுனிவர்சல் என்ற இன்னொரு பூங்காவுக்கும் போவதாக இருந்தால், அங்கே கதை நேர் எதிர். ஐ.பி.சி.சி.இ.எஸ். என்ற அமைப்பின் இணையதளத்தில் குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிந்து ஓர் அட்டை எடுக்கவேண்டும், அதற்கு ஆவணம் ஏற்றச் சொல்வார்கள். ஆசாரிப்பள்ளம் காகிதம் அங்கேதான் வேலைக்கு வரும், ஆங்கிலத்தில் ஒரு டாக்டர் கடிதமும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் ஓர் ஒத்திகை. மகனைக் கூட்டிக்கொண்டு, விடுமுறை இல்லாத ஒரு நாள், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகு வரிசையில் நில்லுங்கள். பூங்கா வரிசைக்கு அதைவிட நல்ல பயிற்சி நம் மாவட்டத்தில் இல்லை. கம்பித் தடுப்பு, நகர்ந்து நின்று நகர்ந்து நின்று போவது, முன்னால் பின்னால் தெரியாத ஆட்கள், கடைசியில் லைஃப் ஜாக்கெட், ஆடுகிற படகில் கால் வைப்பது என்று எல்லாம் உண்டு. என் மகன் அங்கே லைஃப் ஜாக்கெட்டின் ஈர வாடையைத்தான் முதலில் எதிர்த்தான், நாங்கள் சத்தத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். மூக்கருகே கொண்டுபோனதும் தலையை வெட்டி இழுத்தான், போடவே விடவில்லை. அடுத்த தடவை அவனுடைய சொந்தத் துண்டை உள்ளே சுற்றிவிட்டு மேலே போட்டோம், ஒத்துக்கொண்டான். பிறகு ரைடின் தோள்பட்டைக்கு மேல் இறங்குகிற கம்பிக்கும் அதே துண்டுதான். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலமும் இருக்கிறது, பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர். கீழே கடல் தெரிவதை மகன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று பார்த்தீர்களானால் உயரமான ரைடுகள் எதை விடலாம், எதைத் தொடலாம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கேள்வி: சித்தப்பா பையன் போலியோவால் காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) போட்டு நடப்பவன். நாங்கள் பன்னிரண்டு பேர் கேரளத்தில் ஒரு வாட்டர் தீம் பார்க் போனோம். டிக்கெட் எல்லோருக்கும் முழுசாக வாங்கினார்கள், உள்ளே போனால் ஒரு ரைடிலும் அவனை விடவில்லை. இது நியாயமா?
- வாசகர், குளச்சல்

பதில்: பாதி நியாயம், பாதி அக்கிரமம். காலிப்பரோடு தண்ணீர்ச் சறுக்கில் விடாதது சரிதான், இரும்பு அவனையும் கிழிக்கும், சறுக்கையும் கிழிக்கும், அடுத்து வருகிறவரையும் கிழிக்கும். காலை ஊன்றித் தாங்கவேண்டிய ரைடுகளிலும் அப்படித்தான். ஆனால் 'ஒரு ரைடிலும்' என்பதற்கு என்ன காரணம் சொன்னார்கள்? மெதுவாகச் சுற்றுகிற ராட்டினத்திலும் அலைக்குளத்தின் ஆழமில்லாத பக்கத்திலும் என்ன ஆபத்து? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, நியாயமான நோக்கத்துக்காக, தேவையான அளவில்தான் தடுக்கலாம் என்கிற பொருளில் எழுதப்பட்டது. ரைடு ரைடாகக் காரணம் சொல்லவேண்டும், ஆளைப் பார்த்ததும் மொத்தமாக மறுக்கக்கூடாது. எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுப்பதானால் பூங்கா இருப்பது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், ஆகவே கேரளத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகவேண்டும், நம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம். அடுத்த தடவை டிக்கெட் வாங்குமுன் போனில் ஒவ்வொரு ரைடாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்பதுதான் ஆசை என்றால், திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் மந்திரக்கலைஞர் கோபிநாத் முதுகாடு நடத்தும் மேஜிக் பிளானட்டும் அதோடு சேர்ந்த டிஃபரென்ட் ஆர்ட் சென்டரும் இருக்கின்றன. அங்கே மேடையில் நிற்பவர்களே மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள். சறுக்கு கிடையாது, ஆனால் அவனை ஒருத்தரும் ஓரத்தில் நிற்கச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: விமான நிலையத்தில் வீல்சேர் கேட்டால் காசு வாங்குவார்களா? அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறதாம், நடந்தே வருகிறேன் என்கிறார்.
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நடக்க முடியாதவர்களுக்குக் காசு இல்லை. 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள், திருவனந்தபுரத்தில் மட்டும் இல்லை, நடுவில் மாறுகிற வளைகுடா விமான நிலையத்துக்கும் சேர்த்துச் சொல்லவேண்டும், அங்கேதான் நடை அதிகம். அப்பாவிடம் வெட்கத்தைப் பற்றி வாதாடாதீர்கள். இமிகிரேஷனில் வீல்சேர்காரர்களைப் பெரும்பாலும் தனி வரிசையில் கொண்டுபோவார்கள், கூட ஒருத்தரையும் விடுவார்கள் என்று மட்டும் சொல்லிப்பாருங்கள். எங்கள் பாட்டா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உட்கார்ந்தார்.

கேள்வி: யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்க நாற்பது சதவீதக் குறைபாடு கட்டாயமா? என் மகளுக்கு முப்பது என்று போட்டுவிட்டார்கள்.
- வாசகர், இரணியல்

பதில்: அட்டை கிடைக்கும். ஆனால் இடஒதுக்கீடு, பல உதவித்தொகைகள் போன்றவை நாற்பதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான், முப்பதோடு அவற்றுக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். மகளுக்கு என்ன குறைபாடு என்று எழுதவில்லையே. அதையும் வயதையும் சேர்த்து எழுதுங்கள், மறுபரிசோதனை கேட்கலாமா என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.